பந்தயப் பணத்துக்கு நடுவராக நிற்காதீர்கள்: இராமநாதபுரம் கடற்கரை ஊர் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையுள்ள கடற்கரை ஊர்களின் கமிட்டித் தலைவர்களுக்கும், விசைப்படகு, நாட்டுப்படகுச் சங்க நிர்வாகிகளுக்கும், ஜமாத் பெரியவர்களுக்கும், பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். அடுத்து வருவது சட்டமன்றத் தேர்தலோ, மக்களவைத் தேர்தலோ, இடைத்தேர்தலோ, எதுவானாலும் சரி. முடிவின்மேல் கட்டும் பந்தயப் பணத்தை உங்களில் ஒருவரும் நடுவராக நின்று வாங்கி வைக்கக் கூடாது. சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் 'இன்றைய ரேட்' என்று ஒருவரும் போடக் கூடாது. இவ்வளவுதான் கோரிக்கை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இத்தனை நீளம்.

நான் மீன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். நண்டு என்ன விலைக்குப் போனது, இறால் எத்தனை கிலோ, அட்வான்ஸில் எவ்வளவு கழிந்தது, படகு உரிமையாளரான சம்மாட்டிக்கு எவ்வளவு, ஆள் பங்கு எவ்வளவு என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. அரசியல் பேச எனக்கும் பிடிக்கும். டீக்கும் வடைக்கும் பந்தயம் கட்டுகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. தோற்றால் பாதி மீசையை எடுக்கிறேன் என்று சவால் விடுகிறவர்கள் தாராளமாக எடுக்கட்டும், ஒரு மாதத்தில் முளைத்துவிடும். நான் சொல்வது முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு பக்கப் பணத்தையும் ஊர்ப் பெரியவர் ஒருவர் கையில் ஒப்படைத்து, எண்ணிக்கை அன்று ஒருவர் அள்ளிக்கொண்டு போகிற பந்தயத்தை. அது போதாதென்று இப்போது கைப்பேசி வழியாகவும் வெளியூர் ரேட் வந்து இறங்குகிறது.

அந்த ரேட்டை நம் ஆட்கள் வாக்கு நிலவரம் போலப் படிக்கிறார்கள். அது பண நிலவரம். எந்தப் பக்கம் எவ்வளவு பணம் விழுந்திருக்கிறது, இனி எந்தப் பக்கம் விழ வைக்க வேண்டும் என்று பார்த்து, பந்தயம் நடத்துகிற புக்கி வைக்கிற விலை. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுகிறேன். இரண்டு வேட்பாளருக்குள் கடும் போட்டி. முதல் ஆள்மேல் நூறு கட்டினால் 180 திரும்பும், இரண்டாவது ஆள்மேல் நூறு கட்டினால் 190 திரும்பும் என்று வையுங்கள். நூறை 180ஆல் வகுத்தால் முதல் ஆள் வெல்ல 55.6 சதவீத வாய்ப்பு என்று ஆகிறது. அதே வகையில் இரண்டாவது ஆளுக்கு 52.6. கூட்டிப் பாருங்கள், 108 வருகிறது. நூற்றில் அடங்க வேண்டிய வாய்ப்பு நூற்றெட்டு ஆனது எப்படி? அந்த எட்டுதான் புக்கியின் லாபம். இரண்டு பக்கமும் அந்தக் கணக்குக்குப் பணம் விழுந்துவிட்டால், யார் எம்எல்ஏ ஆனாலும் 1,082 ரூபாய் வாங்கி ஆயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 82 ரூபாயோடு எழுந்து போய்விடுவார். கச்சான் காற்று அடித்தாலும் வாடைக் காற்று அடித்தாலும் அவருக்கு மட்டும் தொழில் உண்டு.

ராஜஸ்தானில் ஃபலோடி என்று ஓர் ஊர் இருக்கிறது. பாலைவனத்து ஊர். மழை வருமா வராதா என்பதற்கே பந்தயம் கட்டிப் பேர்போன இடம். தேர்தல் வந்தால் அந்த ஊர் ரேட்தான் செய்தி. அங்கே ஒரு கட்சிக்கு 30 பைசா என்றால், ஒரு ரூபாய் கட்டி வென்றால் 30 பைசாதான் லாபம் என்று பொருள். அதாவது அந்தக் கட்சி வந்துவிடும் என்று சந்தை நம்புகிறது. மூன்று ரூபாய் என்றால் அந்தக் கட்சி தேறுவது கடினம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, "நம்மாளுக்கு மூணு ரூவாயாம், அவனுக்கு முப்பது பைசாதானாம்" என்று பெருமையாகப் பகிர்ந்தவர்கள் நம் ஊர்க் குழுக்களிலேயே இருக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பெருமையில் பணம் கட்டியவரும் இருந்திருப்பாரே.

அந்த ஃபலோடி சந்தைதான் 2024 மக்களவைத் தேர்தலில் பாஜகவுக்கு 300 இடத்துக்கு மேல் என்று சொன்னதாக நாடு முழுக்கச் செய்தி ஓடியது. வந்தது 240. எக்ஸிட் போலும் அதே பாட்டைத்தான் பாடியது. அதை நம்பி ஜூன் 3 அன்று பங்குச்சந்தை எகிறியது, மறுநாள் எண்ணிக்கை நடக்க நடக்க சென்செக்ஸ் 4,000 புள்ளிக்கு மேல் சரிந்தது. கணினியும் ஆலோசகரும் வைத்திருக்கிறவர்கள் போட்ட பணமே அப்படிப் போனது.

சட்டப்படி பந்தயம் நடக்கிற நாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? ஆஸ்திரேலியாவில் 2019 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தல். தொழிலாளர் கட்சிதான் வெல்லும் என்று அடித்துச் சொன்ன ஸ்போர்ட்ஸ்பெட் என்ற பந்தய நிறுவனம், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பே அந்தக் கட்சிமேல் கட்டியவர்களுக்கெல்லாம் வென்றதாகக் கணக்கு வைத்து 13 லட்சம் டாலரைக் கொடுத்துவிட்டது. தேர்தலில் ஜெயித்தது ஆளும் கூட்டணி. அந்த நிறுவனத்துக்கு அது விளம்பரச் செலவு, தாங்கிக்கொள்ளும். பிரிட்டனில் வேறு கூத்து. 2024 தேர்தல் எந்த மாதம் வரும் என்பதன்மேல், அறிவிப்பு வருமுன்பே ஆளுங்கட்சிக்காரர்கள் சிலரே பந்தயம் கட்டியது தெரிந்து, அங்குள்ள சூதாட்ட ஆணையம் விசாரணையில் இறங்கியது. உள்ளே இருப்பவனுக்குத் தெரிந்தது வெளியே நின்று கட்டுகிறவனுக்குத் தெரியாது. எந்த ஊர்ப் பந்தயத்திலும் அப்படித்தான்.

ரேட் எப்போதும் பொய் சொல்லும் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1988 முதல் சிறு தொகைக்குத் தேர்தல் சந்தை ஒன்றை நடத்துகிறது. கருத்துக்கணிப்புகளைவிட அது பல தடவை நெருங்கியே சொல்லியிருக்கிறது. 2024இல் டிரம்ப் பக்கம் சந்தைகள் சாய்ந்தன, அவரே வந்தார். அப்படி நடக்க வேண்டுமென்றால் ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கான பேர், ஆளுக்கொரு தகவலோடு, எதிரெதிராகப் பணம் போட வேண்டும். அத்தனை பெரிய சந்தையிலேயே பிரெஞ்சுக்காரர் ஒருவர் பல கணக்குகள் வழியாக மூன்று கோடி டாலருக்கு மேல் ஒரே பக்கம் கொட்டியபோது, இது மக்கள் எண்ணமா, ஒரு பணக்காரரின் எண்ணமா என்று அங்கே சண்டை நடந்தது. இராமநாதபுரம் தொகுதிக்கோ திருவாடானைத் தொகுதிக்கோ நம் குழுவில் ஓடும் ரேட்டைப் புரட்டிப் போட எவ்வளவு வேண்டும்? இரண்டு லட்சம் ரூபாய் போதும் என்று நினைக்கிறேன். ஒரு வேட்பாளரின் மச்சினனே அதைச் செய்வான். காலையில் பணத்தைப் போட்டு ரேட்டைத் தன் பக்கம் சாய்ப்பான், மாலையில் 'காத்து நம்ம பக்கம்' என்று அதையே படம் எடுத்துப் பரப்புவான்.

வெளியூர் புக்கிக்கு நம் தொகுதியைப் பற்றி என்ன தெரியும்? 2024இல் இங்கே ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பெயரில் இன்னும் பல பேர் நின்றார்கள். பெரியபட்டினத்துப் பாட்டி ஒருத்தி எந்திரத்தின் முன்னால் நின்று எந்தப் பன்னீர்செல்வத்தைத் தேடுவாள், எந்தப் பழத்தை அழுத்துவாள் என்று மும்பையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியுமா? கடைசியில் ஏணிச் சின்னத்தில் நின்ற நவாஸ்கனி ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார். ஏணிக்கும் பலாவுக்கும் கடும் போட்டி என்று சொல்லிப் பணம் கட்ட வைத்தவர்கள் அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை.

இனி, இந்தக் கடற்கரைக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருகிறேன். மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு இது புரியாது, உங்களுக்குப் புரியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில். நம் தேர்தல் எப்போது வருகிறது என்று பாருங்கள். 2021இல் ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, மே 2 எண்ணிக்கை. 2024இல் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, ஜூன் 4 எண்ணிக்கை. அந்த நாற்பத்தாறு நாளும் ஒன்றுவிடாமல் தடைக்காலத்துக்குள்ளேயே கிடந்தது. கடலுக்குப் போக அனுமதி டோக்கன் இல்லை, கடல் இல்லை. வலை பொத்துவது, படகுக்குப் பெயிண்ட் அடிப்பது தவிர ஆண்களுக்கு வேலை இல்லை. பணம் மட்டும் கொஞ்சம் வருகிறது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் ஸ்டாலின் 5,000 ரூபாயாக இருந்த தடைக்கால நிவாரணத்தை 8,000 ஆக்குவதாக அறிவித்தார். அது வங்கிக்கு வந்த வாரமும், பந்தயம் சூடு பிடிக்கிற வாரமும் ஒன்றாகவே இருப்பதைக் கணக்கு எழுதுகிற என் போன்றவர்கள் பார்க்காமல் இல்லை. எஞ்சின் வேலைக்கென்று கம்பெனியில் வாங்கின அட்வான்ஸும் அதில் போகிறது. ஜூன் 15 அன்று கடலுக்குப் போகும்போதே அந்தப் படகு கடனில்தான் இறங்குகிறது. போன வருசத்துக் கடனுக்கு இந்த வருசத்து இறாலைக் கம்பெனிக்காரர் சொன்ன விலைக்குப் போட வேண்டியதாகிறது. பந்தயத்தில் தோற்றவர் கட்டியது ஐம்பதாயிரமாக இருக்கலாம். கிலோவுக்கு இருபது, முப்பது என்று அவர் அதற்கப்புறம் விட்டுக்கொடுப்பதை எந்த முத்திரைத்தாளிலும் எழுதுவதில்லை.

அதைவிட எனக்குக் கோபம் வருவது இதில்தான். 2024 ஏப்ரல் 19 மாலையோடு நம் ஊர் எந்திரம் சீல் வைத்தாயிற்று. அதற்குள் இருக்கும் எண்ணில் அதன்பிறகு ஒன்றுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் ரேட் மட்டும் தினமும் ஏறி இறங்கியது. எதை வைத்து? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126ஏ பிரிவுப்படி, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடியும்வரை எக்ஸிட் போல் வெளியிடவே கூடாது. மீறினால் இரண்டாண்டு வரை சிறை. 2024இல் ஜூன் 1 மாலை வரை அந்தத் தடை இருந்தது. ஆக, புதிதாகத் தெரிந்துகொள்ள வழியே இல்லாத நாட்களில் விலை நகர்ந்திருக்கிறது. புரளியைத் தவிர அதை நகர்த்த வேறென்ன இருந்தது?

இப்போது நடுவராக நிற்கும் பெரியவர்களே, உங்களிடம் நேராகவே கேட்கிறேன். பணத்தை எப்போது, யாரிடம் கொடுப்பீர்கள்?

2009இல் பக்கத்துச் சிவகங்கையில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். ப. சிதம்பரம் தோற்றுவிட்டார் என்று தொலைக்காட்சிகளில் ஓடியது. பிறகு 3,354 வாக்கில் அவரே வென்றதாக அறிவித்தார்கள். முதல் செய்தியைப் பார்த்ததும் பணத்தைக் கொடுத்துவிட்ட நடுவர் இரவில் யாரிடம் போய்த் திரும்பக் கேட்டிருப்பார்? 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் இன்பதுரை அப்பாவுவை வென்றது 49 வாக்கில். வழக்குப் போனது. 2019இல் உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது, எண்ணவும் எண்ணினார்கள், அந்த முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பந்தயப் பணத்தை மூன்று வருசம் பீரோவில் வைத்திருக்க உங்களுக்குச் சம்மதமா? 2021இல் தியாகராய நகரில் வித்தியாசம் 137. காட்பாடியில் துரைமுருகன் பிழைத்தது 746இல். கடும் போட்டியுள்ள தொகுதி என்றால் இப்படித்தான் இருக்கும். கடும் போட்டிக்குத்தான் பந்தயமும் அதிகம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 49 வாக்கில் முடிவாகிற தொகுதியில் ஒருவன் ஐந்து லட்சம் கட்டியிருக்கிறான் என்றால், தலைக்கு ஆயிரம் என்று நூறு பேருக்குக் கொடுக்க அவனுக்கு ஒரு லட்சம் போதும். கட்சிக்காரன் காசு கொடுத்தால் பறக்கும் படை பின்னால் வருகிறது. பந்தயக்காரன் கொடுத்தால் அவன் யாரென்றே யாருக்கும் தெரியாது. ஓட்டுக்குக் காசு வேண்டாம் என்று மேடையில் பேசுகிற நீங்கள், அதே ஓட்டுமேல் கட்டிய காசைக் கையில் வைத்திருப்பது எந்த ஊர் நியாயம்?

எண்ணிக்கை அன்று ரவுண்டுக்கு ரவுண்டு முன்னிலையைப் பார்த்துக் கட்டும் ரவுண்டு பெட்டு தனிக் கொடுமை. எட்டு மணிக்குத் தபால் வாக்கு. அதன்பின் வழக்கமாகத் தொகுதிக்குப் பதினான்கு மேசை. வாக்குச்சாவடி எண் வரிசையில் எந்திரங்கள் மேசைக்கு வரும். அதனால் முதல் சில ரவுண்டுகள் ஒரே பக்கத்து ஊர்களாகவே இருக்கும். தீவுப் பக்கமா, டவுன் பக்கமா, உள்நாட்டுக் கிராமமா என்பதைப் பொறுத்து முன்னிலை மாறும். நான்காம் ரவுண்டில் மூவாயிரம் முன்னிலை என்று பார்த்து மனைவி கழுத்துச் சங்கிலியைக் கட்டுகிறவனுக்கு, அவன் ஆளுக்கு வேண்டிய ஊர்களெல்லாம் எண்ணி முடிந்துவிட்டன என்று சொல்ல ஆள் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருவராவது விசாரித்தீர்களா? 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. வென்ற பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. பந்தயத்தின் முடிவுக்காக மூன்றாம் ஆளிடம் ஒப்படைத்த பணத்தைக் கேட்டும் வழக்குப் போட முடியாது என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. நூற்றைம்பது வருசத்துக்கு முன்பே நடுவரை யோசித்து எழுதிவிட்டார்கள். ஆக, அந்த முத்திரைத்தாள் மீன் மடிக்கத்தான் ஆகும். இணையம் வழியாகக் கட்டினால் இன்னும் மோசம். தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்றது. ஆடுகிறவருக்கு மூன்று மாதம் வரை சிறை, விளம்பரம் செய்கிறவருக்கு ஓராண்டு வரை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றிவிட்டது. குழுவில் ரேட்டோடு லிங்க்கும் சேர்த்துப் போடுகிற தம்பிமார்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. லாட்டரியை 2003இல் ஒழித்தபோது இந்தக் கடற்கரையில் எத்தனை வீட்டில் நிம்மதியாக உலை வைத்தார்கள் என்று உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும்.

காவல் நிலையத்துக்கும் போக முடியாது, நீதிமன்றத்துக்கும் போக முடியாது என்றால் தகராறு எங்கே வரும்? ஊர்க் கூட்டத்துக்கு. அதாவது உங்களிடம். பணத்தை வைத்திருந்த நீங்களே தீர்ப்பும் சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு பக்கத்துக்காரர் உங்களை நம்ப மாட்டார். சிறைபிடித்த படகை மீட்க, நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் நாள் பிரித்துக்கொடுக்க, ஆட்சியரிடம் மனுக் கொடுக்க என்று நாளைக்கு நீங்கள் கூப்பிட்டால் ஊர் ஒன்றாக வர வேண்டுமே.

சம்மாட்டி எந்தக் கட்சிமேல் கட்டியிருக்கிறார் என்று தெரிந்தபின் அந்தப் படகு ஆட்கள் வேறு கட்சிப் பேச்சே எடுப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். இரகசிய வாக்கு என்பது சாவடிக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் நடுக்கடலில் ஒரே படகில் பத்து நாள் பழக வேண்டியவன் வாயை மூடிக்கொள்கிறான்.

பெண்கள் பந்தயம் கட்டுவதில்லை என்று சொல்ல மாட்டேன், ஒன்றிரண்டு பேர் கட்டுகிறார்கள். ஆனால் தோற்ற பணத்தை அடைப்பது எப்போதும் பெண்கள்தான். மீனவ மகளிர் சேமிப்புத் திட்டத்தில் மாதாமாதம் கட்டி 1,500 சேர்த்தால் அரசு 3,000 போட்டு 4,500 ஆகக் கொடுக்கிறது. கடல்பாசி எடுக்கப் போய்க் காலெல்லாம் கடலடிப் பாறையில் கிழித்துக்கொண்டு வருகிற பெண் அந்த 1,500ஐ எப்படிச் சேர்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த 4,500 வந்த அன்றே குழுக்கடன் தவணையும், புருசனின் 'கைமாத்தும்' வாசலில் நிற்கின்றன.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. ஏப்ரல் 15க்கு முன் எல்லா ஊரிலும் ஒரு கூட்டம் நடக்கும், படகைக் கரையேற்றுவது பற்றியும் நிவாரணப் பட்டியல் பற்றியும் பேச. தேர்தல் வரும் வருசத்தில் அந்தக் கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாக வையுங்கள். நிர்வாகி யாரும் பந்தயப் பணம் வைத்திருக்க மாட்டார், வைத்திருந்தால் பதவி விலக வேண்டும், பந்தயத் தகராறை ஊர்க் கூட்டம் விசாரிக்காது என்று மூன்று வரியில் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். விசாரிக்க ஆள் இல்லை என்று தெரிந்தாலே பெரிய தொகை கட்டுகிறவர்கள் பாதிப்பேர் பின்வாங்கிவிடுவார்கள். குழு அட்மின்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் பெண்களையும் கூப்பிடுங்கள். வழக்கம்போல் கோயில் மதில் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போகச் சொல்லாமல், நாற்காலி போட்டு.

இப்படிக்கு,
பாக் நீரிணைக் கரையிலிருந்து
ஒரு கணக்குக்காரி